போகிப் புகையும் பலவீனமான இதயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் இதய நோய்க்கான புறநோயாளிப் பிரிவுகளில் ஒரே பேச்சுத்தான் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "பனி ஒத்துக்கல டாக்டர், மூச்சு வாங்குது." தீபாவளி முடிந்த வாரத்திலும் போகி முடிந்த வாரத்திலும் இப்படி வருபவர்கள் கூடுகிறார்கள். சென்னையின் மார்கழிக் காலையில் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. அந்தக் குளிரைச் சுமக்க முடியாத அளவுக்கு யாருடைய நுரையீரலும் மோசமாகிவிடுவதில்லை. சுமக்க முடியாமல் போவது அந்தப் பனியோடு சேர்ந்து தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும் புகையை. இதய நோய் உள்ளவர்களின் நுரையீரலை இந்தப் புகை என்ன செய்கிறது, வீட்டில் என்ன செய்யலாம், இதில் நாளிதழ்கள் என்ன செய்ய முடியும் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

புகை என்றால் ஆஸ்துமாக்காரர்களின் பிரச்சினை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர், எக்கோ எடுத்தபோது "பம்பிங் கம்மி" என்று சொல்லப்பட்டவர் யாரும் தங்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் இதயம் பலவீனமானால் அந்தப் பலவீனம் முதலில் தெரிவது நுரையீரலில்தான்.

உடலின் மொத்த ரத்தமும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் என்ற கணக்கில், நுரையீரல் வழியாகப் போய்த்தான் இதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது. இடப்பக்கம் அதை வாங்கி உடலுக்குத் தள்ள வேண்டும். தள்ளும் வலு குறைந்தால் ரத்தம் பின்னால் தேங்குகிறது. வாய்க்காலின் கடைமடை அடைபட்டால் மேல்மடை வயலில் தண்ணீர் ஏறுவது போல, நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் சாதாரணமாக 6 முதல் 12 மில்லிமீட்டர் பாதரசம். 18ஐத் தாண்டினால் நீர் குழாய்ச் சுவரைக் கடந்து நுரையீரல் திசுவுக்குள் கசியத் தொடங்கும். 25ஐத் தாண்டினால் காற்றறைகளுக்குள்ளேயே நீர் நிறையும். நெடுநாள் நோயாளிகளின் உடல் இதற்கு ஓரளவு பழகிக்கொள்கிறது. கசியும் நீரை வடித்து வெளியேற்றும் நிணநீர்க் குழாய்கள் அவர்களுக்கு விரிந்து, கூடுதல் வேகத்தில் ஓய்வில்லாமல் வேலை செய்கின்றன. மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் சரியாக இருக்கும்வரை, கசிவதும் வடிவதும் சமமாகவே இருக்கும். ஆனால் அந்தச் சமநிலையில் உபரி என்று எதுவும் இல்லை.

புகை வந்து சேர்வது இந்த இடத்தில்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. பெரிய தூசியை மூக்கு முடியும், மூச்சுக்குழாயின் சளிப்படலமும் பிடித்துவிடும். இவை அந்தக் காவலைத் தாண்டிக் காற்றறை வரை போகின்றன. அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் சில இடங்களில் அரை மைக்ரான்கூட இல்லை. துகளை விழுங்க வரும் காவல் செல்கள் அழற்சியைத் தூண்டுகின்றன. அழற்சி கண்ட குழாய்ச் சுவர் தளர்ந்து, அதே அழுத்தத்திலும் கூடுதலாக நீரைக் கசிய விடுகிறது. நல்ல இதயம் உள்ளவருக்கு அந்தக் கூடுதல் நீரை நிணநீர்க் குழாய்கள் சத்தமில்லாமல் வடித்துவிடும். பலவீனமான இதயம் உள்ளவருக்கு அவை ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. இதற்கு மேல் அவற்றால் முடியாது.

இதோடு நிற்பதில்லை. மூச்சுப்பாதையில் துகள் பட்டதும் நரம்புகள் வழியாக உடல் எச்சரிக்கை நிலைக்குப் போகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் கூடுகின்றன. சுருங்கிய குழாய்களுக்கு எதிராக ரத்தத்தைத் தள்ள, பலவீனமான இதயத்துக்கு இன்னும் சிரமம். அதனால் பின்தேக்கமும் இன்னும் கூடும். ரத்தம் உறையும் தன்மையும் அதிகரிக்கிறது. இதய நோயாளி உள்ளே இழுக்கும் புகையின் அளவும் மற்றவர்களைவிட அதிகம். இளைப்பு உள்ளவர் வேகமாக மூச்சு விடுகிறார், வாய் வழியாகவும் விடுகிறார். வாய்வழி மூச்சுக்கு மூக்கின் வடிகட்டி கிடையாது.

இவை ஊகங்கள் அல்ல. 2013இல் 'லான்செட்' மருத்துவ இதழில் 35 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான கட்டுரை, ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 அளவு 10 மைக்ரோகிராம் கூடினால், இதயச் செயலிழப்பால், அதாவது இதயத்தின் தள்ளும் வலு குறைவதால், மருத்துவமனையில் சேர்வதோ இறப்பதோ ஏறத்தாழ 2 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. 2 சதவீதம் சிறியதாகத் தோன்றும். ஆனால் நம் ஊரில் புகை நாட்களில் கூடுவது 10 மைக்ரோகிராம் அல்ல, 100, 200 என்று கூடுகிறது.

லண்டனில் நடந்த இன்னொரு ஆய்வு நடைப்பயிற்சி செய்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 60 வயது தாண்டிய 119 பேர் அதில் பங்கேற்றார்கள். நோய் எதுவும் இல்லாதவர்கள் 40 பேர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் 40 பேர், இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள் 39 பேர். எல்லாரையும் ஒரு நாள் ஹைட் பூங்காவிலும், வேறொரு நாள் டீசல் பேருந்துகளும் டாக்சிகளும் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். பூங்காவில் நடந்தபோது மூன்று குழுவினருக்கும் நுரையீரலின் திறன் மேம்பட்டது, ரத்தக் குழாய்களின் விறைப்பு குறைந்தது. அந்த நன்மை மறுநாள் வரை நீடித்தது. தெருவில் நடந்தபோது இந்த நன்மையெல்லாம் தேய்ந்துபோனது. இதய நோயாளிகளில் மருந்துகளைச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு ரத்தக் குழாய்ப் பாதிப்பு குறைவாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு கவனித்தது. ஆகவே, புகை நாட்களில் ஒருவேளை மாத்திரையைக்கூடத் தவறவிடக் கூடாது.

இனி நடைமுறையில் எங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம். முதல் தவறு, இளைப்புக்குப் பெயர் வைப்பதில். நுரையீரலில் நீர் கோர்க்கும்போது மூச்சுக்குழாயின் உட்சுவரும் வீங்குகிறது. அப்போது வரும் மூச்சில் விசில் சத்தம் கேட்கும், அச்சு அசலாக ஆஸ்துமா போலவே. வீட்டில் "வீசிங்" என்கிறார்கள். பக்கத்துக் கிளினிக்கில் நெபுலைசர் வைக்கிறார்கள். கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். நோயாளி வீடு திரும்பிவிடுவார். நெபுலைசரில் போடும் சால்பூட்டமால் நாடித்துடிப்பை ஏற்றும், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றத் தரும் நீர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைப்பதுதான். இரண்டும் சேர்ந்தால் பலவீனமான இதயத்தில் துடிப்புத் தாறுமாறாகலாம். இதற்குள் நுரையீரலில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். நெபுலைசரே கூடாது என்று சொல்லவில்லை. ஆஸ்துமாவும் இதய நோயும் சேர்ந்தே இருப்பவர்கள் உண்டு. இதய நோய் உள்ளவருக்கு இளைப்பு வந்தால் "இது நீரா?" என்ற கேள்வியைக் கேட்காமல் நெபுலைசரோடு அனுப்பிவிடக் கூடாது என்கிறோம்.

நீர் என்றால் அதற்கு அடையாளங்கள் உண்டு. மல்லாந்து படுத்தால் இளைப்பு கூடும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். முன்பு ஒரு தலையணையில் தூங்கியவருக்கு இப்போது இரண்டு, மூன்று வேண்டியிருக்கும். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி விழிப்பு வந்து, சன்னலோரம் போய் உட்காரத் தோன்றும். படுத்தால் வறட்டு இருமல் வரும். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பும். சந்தேகம் இருந்தால் ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, அவற்றோடு பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கலாம். பி.என்.பி. என்பது இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருள். திடீர் மூச்சுத்திணறலில் பி.என்.பி. அளவு 100க்குக் கீழே இருந்தால், அல்லது அதற்கு இணையான என்.டி.-புரோ-பி.என்.பி. பரிசோதனையில் 300க்குக் கீழே இருந்தால், காரணம் பெரும்பாலும் இதயம் அல்ல என்று சொல்லலாம்.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் எச்சரிப்பது எடை பார்க்கும் கருவி. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் சில லிட்டர் நீர் உடலில் தங்கிவிட்டிருக்கும். கருவி அதை முதல் கிலோவிலேயே காட்டிவிடும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, காபி குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே கருவியில் பார்க்க வேண்டும். கருவியைச் சிமெண்டுத் தரையிலோ டைல்ஸ் மேலோ வைக்க வேண்டும். பாயின் மேல் வைத்தால் எடை தவறாகக் காட்டும். காலண்டர் தாளிலேயே எண்ணை எழுதி வைக்கலாம். தீபாவளிக்கும் போகிக்கும் ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்கினால்தான் தன் வழக்கமான எடை எது என்று தெரியும். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ கூடினால், இளைப்பு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். "எடை இவ்வளவு கூடினால் நீர் மாத்திரையை இவ்வளவு கூட்டிக்கொள்ளலாம்" என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எழுதித் தராமல் தானாகக் கூட்டக் கூடாது. சிறுநீரகமும் பொட்டாசியமும் அதில் அடிபடும்.

நம் பண்டிகைகளுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. புகை உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில்தான் உப்பும் உச்சத்தில் இருக்கிறது. முறுக்கு, மிக்சர், காராசேவு, ஊறுகாய், அப்பளம் என்று எல்லாம் ஒன்றாக வந்து சேரும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புத்தான் கணக்கு. உப்பு நீரைப் பிடித்து வைக்கும், புகை அந்த நீரை நுரையீரலுக்குள் கசிய விடும். ஊருக்குப் போகும் பயணம் வேறு. பேருந்தில் எட்டு மணி நேரம், வழியில் கழிப்பறை கிடைக்காது என்று நீர் மாத்திரையை அன்றைக்கு விட்டுவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். அவர்கள் பயம் நியாயமானது. அதைக் கேட்டுத் திட்டுவதில் பயனில்லை. மாத்திரையை விட்டுவிடாமல், மருத்துவரிடம் கேட்டு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லித்தர வேண்டும்.

இருமலுக்கும் உடம்பு வலிக்கும் மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் தங்கச் செய்யும். சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் நிறைய இருக்கிறது. காய்ச்சலுக்கும் வலிக்கும் சாதாரண பாராசிட்டமால் போதும். இன்னொன்று, எல்லா இருமலும் புகையால் வருவதும் அல்ல. ரத்த அழுத்தத்துக்கும் இதயப் பலவீனத்துக்கும் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். மருத்துவர் அதை வேறு வகைக்கு மாற்றித் தருவார். துடிப்புக் கோளாறுக்காக அமியோடரோன் சாப்பிடுபவருக்குப் புதிதாக இருமலும் இளைப்பும் வந்தால் எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும், அந்த மருந்தே நுரையீரலைப் பாதிக்கக்கூடும். அதே நேரத்தில், "வீசிங் வருது" என்று, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம்.

நடைப்பயிற்சியை விட வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டால் போதும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். பானைக்கு மூடி போட்டதுபோல, வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் கீழேயே அடைபட்டுவிடும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அந்த மூடி திறக்கும். சென்னையில் முற்பகல் கடந்து கடற்காற்று உள்ளே வரும்போது காற்று இன்னும் தெளியும். ஆகவே இந்த மாதங்களில் காலை 5 மணி நடை இதய நோயாளிக்கு ஏற்றதல்ல. 9 மணிக்கு மேல், அல்லது மாலையில் கூட்ட நேரத்துக்கு முன் நடக்கலாம். கோடையில் கணக்கு வேறு, அப்போது வெயிலுக்குப் பயந்து காலையிலேயே நடப்பதுதான் சரி. பெரிய சாலையிலிருந்து 200, 300 மீட்டர் உள்ளே தள்ளிப்போனாலே வண்டிப் புகை வெகுவாகக் குறையும். அண்ணா சாலை ஓரத்தில் நடப்பதைவிட, இரண்டு தெரு தள்ளி உள்ள பூங்காவில் வட்டமடிப்பது பல மடங்கு மேல். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 லிட்டர் காற்றை இழுக்கும் நாம், வேகமாக நடக்கும்போது 20 லிட்டருக்கு மேல் இழுக்கிறோம் என்பதை நினைவில் வைத்தால் போதும். புகை நாளில் வீட்டுக்குள்ளேயே நடந்தால் நட்டமில்லை.

முகக்கவசம் உதவுமா? உதவும், சரியானது சரியாகப் பொருந்தினால். பிரேசிலின் சாவோ பாலோவில் இதயச் செயலிழப்பு நோயாளிகளை டீசல் புகையில் வைத்துச் சோதித்தார்கள். வடிகட்டி இல்லாமல் சுவாசித்தபோது ஏறிய பி.என்.பி., வடிகட்டியுடன் சுவாசித்தபோது ஏறவில்லை. ரத்தக் குழாய்களின் செயல்பாடும் மேம்பட்டது. கைக்குட்டையும் துணிக் கவசமும் நுண்துகளைத் தடுக்காது. நீலநிற அறுவை சிகிச்சைக் கவசம் பக்கவாட்டில் காற்றை விட்டுவிடும். என்-95 வேண்டும். மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி வளைத்து, இரண்டு பட்டைகளையும் தலைக்குப் பின்னால் போட்டு, மூச்சை ஊதிப் பார்க்க வேண்டும். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது என்று பொருள். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. துவைத்தால் அதன் வடிகட்டும் திறன் போய்விடும். ஆனால் என்-95 மூச்சு இழுக்கும் வேலையைக் கொஞ்சம் கூட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பவர் கவசத்தை நம்பி வெளியே போகக் கூடாது, வீட்டிலேயே இருக்க வேண்டும்.

வீட்டில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறோம். கொசுவலைக்கு ஈடு எதுவும் இல்லை. ஊதுபத்தியும் சாம்பிராணியும் பூசையறையில் எரிவதைத் தடுக்கச் சொல்லவில்லை. இதய நோயாளி இருக்கும் வீட்டில் சன்னலைத் திறந்துவைத்து, அவர் வேறு அறையில் இருக்கும்போது போடலாம். விறகடுப்பில் சமைப்பவருக்கே இதய நோய் என்றால், முதலில் மாற்ற வேண்டியது அந்த அடுப்பைத்தான். மருந்து அதற்கு அப்புறம்.

போகிக்கு முந்தைய இரவே அறையைத் தயார் செய்ய வேண்டும். தெருப்பக்கம் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். அதிகாலை 3 மணிக்கெல்லாம் சன்னல்கள் மூடியிருக்க வேண்டும். கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, இடுக்குகள் வழியாக வெளிப்புகை உள்ளே வரும். மின்விசிறி போடலாம். ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக் காற்றையே சுற்றவிடுவது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும் வசதி இருந்தால், நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதா என்று பாருங்கள், அதன் பெட்டியில் போட்டிருக்கும் சுத்தக் காற்று அளவையும் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். மணிக்கு 5 முறை அந்தக் காற்று முழுவதும் வடிகட்டப்பட வேண்டும் என்றால், மணிக்கு 170 கன மீட்டர் தரும் கருவி வேண்டும். ஓசோன் வெளிவிடும் கருவிகளைத் தொடாதீர்கள், ஓசோனே நுரையீரலைப் புண்ணாக்கும். வாங்க வசதி இல்லாதவர்கள் மூடிய அறையும், துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடைத்த தரையும் வைத்துக்கொண்டாலே கணிசமாகத் தப்பிக்கலாம். வெளியே புகை கலைந்ததும், 10 மணிக்கு மேல், சன்னல்களை முழுவதும் திறந்துவிட வேண்டும். உள்ளே புகுந்தது உள்ளேயே தங்கிவிடக் கூடாது.

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அது நல்ல கருவிதான். ஓய்வில் 90க்குக் கீழே காட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் புகை சூழ்ந்த இடத்தில் அது காட்டும் 98ஐ நம்பக் கூடாது. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மூடிய அறையில் கரி அடுப்பு எரிந்து, தலைவலியும் குமட்டலும் வந்தால், எண் என்ன காட்டினாலும் முதலில் வெளிக்காற்றுக்கு வாருங்கள்.

இளைப்பு முற்றி, பேச வார்த்தை வராமல், உதடு நீலம் பாய்ந்து, இளஞ்சிவப்பாக நுரை நுரையாகச் சளி வந்தால், நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வையுங்கள், 108ஐ அழையுங்கள். சோடாவோ சுடுதண்ணீரோ புகட்ட வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்; 'கேஸ்' என்று காத்திருக்கக் கூடாது.

இனி நாளிதழ்களிடம் நாங்கள் கேட்பது. நம் நாட்டில் 24 மணி நேர சராசரியாகப் பி.எம். 2.5க்கு 60 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு 15. காற்றுத் தரக் குறியீடு 101 முதல் 200 வரை இருந்தால் அதற்கு "மிதமானது" என்று பெயர். அந்த "மிதமான" காற்றே இதய நோயாளிகளுக்கு அசௌகரியம் தரலாம் என்று அந்தக் குறியீட்டின் விளக்கமே சொல்கிறது. ஆனால் "மிதமானது" என்ற சொல்லைப் படிப்பவர் பயப்படத் தேவையில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சராசரிக்குள் ஒளிந்துகொள்வதும் உண்டு. ஒரு நாள் அதிகாலை 4 மணி நேரம் 300 மைக்ரோகிராம் இருந்து, மீதி 20 மணி நேரம் 40 இருந்ததாக வைத்துக்கொள்வோம். 24 மணி நேர சராசரி 83 மைக்ரோகிராம்தான் வரும். அதைக் குறியீடாக மாற்றினால் அதுவும் "மிதமானது" கட்டத்திலேயே அடங்கிவிடும். அந்த 4 மணி நேரத்தில் மாடவீதியில் நடந்த இதய நோயாளியின் நுரையீரலோ சராசரியைச் சுவாசிக்கவில்லை. மணிக்கு மணி அளவுகள் இல்லாமல் இல்லை. சென்னையில் ஆலந்தூர், மணலி, வேளச்சேரி, பெருங்குடி, கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம் ஆகிய இடங்களில் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அவற்றின் குறியீட்டைப் பார்க்கலாம். ஆனால் செயலியைத் தேடிப் பார்ப்பவர் யார்? எழுபது வயதில் காலையில் முதல் வேலையாகச் செய்தித்தாளைப் பிரிப்பவர்தான் நம் நோயாளி.

எனவே, தங்கம் விலையும் வானிலையும் போடும் பக்கத்தில், தினமும் இரண்டு எண்களைச் சேர்த்துப் போடுங்கள். ஒன்று, நேற்றைய பி.எம். 2.5 சராசரி. மற்றொன்று, நேற்று எந்த மணியில் எவ்வளவு உச்சம் தொட்டது என்பது. அந்த உச்ச நேரத்தைப் பத்து நாள் பார்த்தாலே, தன் பேட்டையில் எப்போது நடக்கலாம், எப்போது சன்னலை மூடலாம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். நிலையம் இல்லாத ஊர்களின் பதிப்புகளில், பக்கத்து ஊர் எண்ணைப் போட்டு, அது எந்த ஊரின் எண் என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

சொல்லையும் மாற்றுங்கள் என்று கேட்கிறோம். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டது நினைவிருக்கும். அப்படிப்பட்ட காலைகளுக்கும் "கடும் பனிமூட்டம்" என்று தலைப்பு வந்துவிடுகிறது. பனி யாருடைய குற்றமும் இல்லை, யாராலும் தடுக்கவும் முடியாது என்ற எண்ணம் படிப்பவர் மனதில் அப்படியே பதிகிறது. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகைக்கு "புகைமூட்டம்" என்றே தலைப்பிடுங்கள். சில ஆண்டுகளாகப் போகிக்கு முன் பழைய துணி, பாய், டயர் போன்றவற்றைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொள்கிறது. அந்த அறிவிப்பு உள்பக்க மூலையில் நாலு வரியாக வருவதற்குப் பதில், முதல் பக்கத்தில் வர வேண்டும்.

சுகாதாரத் துறைக்கும் ஒன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வரும் பணியாளர்கள், மார்கழி மாதத்தில் மட்டுமாவது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள், போன வாரத்தைவிட எடை கூடியிருக்கிறதா, ராத்திரி அறையில் என்ன எரிகிறது? எடை பார்க்கும் கருவி இல்லாத வீட்டில், அவர்கள் கொண்டுவரும் கருவியில் அன்றைய எடையைக் குறித்துக் கொடுத்தால், அடுத்த முறை ஒப்பிட ஓர் எண் கிடைக்கும்.

இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் ஆய்வுகள் பற்றிய பத்திகளை எடுத்துவிடுங்கள். எடை பார்ப்பது, படுத்தால் கூடும் இளைப்பு, போகி இரவுக்கு அறையைத் தயார் செய்வது ஆகிய மூன்றையும் தயவுசெய்து வெட்ட வேண்டாம். மார்கழி கடைசி வாரத்துக்குள் வெளியானால், போகிக்கு முன் எடை எழுதத் தொடங்க வாசகர்களுக்கு நாள் இருக்கும்.

இப்படிக்கு,
இதய, நுரையீரல் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும்,
சென்னை.